முப்பதாம் வயதில் மாணாக்கர்

சித்தூரிலும் திருப்பதியிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் நம் அன்பர்களுள், ஒரு தொழில் கைவிட்டுப் போனபின் மற்றொரு தொழிலுக்காக மீண்டும் ஏடெடுத்தவர் பலர் உளர். 2002-ஆம் ஆண்டு சித்தூர்ப் பால்பண்ணை மூடப்பட்டபோது, அதனை நம்பியிருந்த குடும்பங்கள் திகைத்து நின்றதை அப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். திருப்பதியில் வாடகை அறையொன்றில் மூவர் நால்வராய்த் தங்கி, பகலில் கடையிலோ விடுதியிலோ வேலை பார்த்து, இரவில் பரீட்சைக்குப் படிப்போரும் உண்டு. இவர்களைப் பாடத்தின் கடினம் அவ்வளவாக வருத்துவதில்லை. முதல் மாதத்தில் இருந்த ஊக்கம் நான்காம் மாதத்தில் இருப்பதில்லை. வீட்டில் பணமில்லை என்று செய்தி வருகிறது. வயதில் இளையோர் முந்திச் செல்கின்றனர். புத்தகம் திறந்திருக்க, மனம் வேறெங்கோ போய் நிற்கிறது.

இத்தகையோருக்கு உபதேசம் செய்ய நாம் முன்வரவில்லை. நம் யாவருக்கும் தெரிந்த பெரியார் ஒருவர் இதே நிலையில் ஆறு ஆண்டுகள் நின்றிருக்கிறார். அந்த ஆறாண்டுச் சரித்திரத்தை மட்டும் ஈண்டுச் சொல்ல விரும்புகிறோம். பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்கள் அரசியல் சட்டம் இயற்றியதையும், 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் தம்மம் தழுவியதையும் நம் வீட்டுச் சிறுவரும் சொல்லுவர். ஆனால் 1917-க்கும் 1923-க்கும் இடைப்பட்ட காலத்தில், கையிலிருந்த உத்தியோகத்தை இழந்து, கிடைத்த உத்தியோகத்தையும் விட்டு, குடும்பஸ்தராய் அவர் மறுபடி மாணாக்கரான வரலாற்றைப் பலர் ஒரே வரியில் கடந்து விடுகின்றனர். பட்டங்களின் பெயர்களே நினைவில் நிற்கின்றன. அவற்றைப் பெற்ற வழி நிற்பதில்லை.

1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மாவ் என்னும் படைவீட்டூரில் பிறந்த அவர், 1912-இல் பம்பாயில் பி.ஏ. தேறினார். அடுத்த ஆண்டு பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உபகாரச் சம்பளத்தில் நியூயார்க் நகரின் கொலம்பியா சர்வகலாசாலைக்குச் சென்றார். படிப்பு முடிந்தபின் பத்தாண்டு பரோடா சமஸ்தானத்தில் பணிபுரிவது ஒப்பந்தம். 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்று, 1916-ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் வந்து, பொருளாதாரக் கல்விக்கழகத்திலும் சட்டம் பயில்வதற்காகக் கிரேஸ் இன் என்னும் வழக்கறிஞர் சங்கத்திலும் சேர்ந்தார். அங்கே ஓராண்டு நிறையுமுன் உபகாரச் சம்பளத்தின் காலம் முடிந்தது. சமஸ்தானம் திரும்பி வரச் சொல்லிற்று. அப்போது உலக யுத்தம் நடந்து கொண்டிருந்தது.

புறப்படுவதற்கு முன் அவர் செய்த ஒரு காரியத்தை நாம் கவனிக்க வேண்டும். நான்காண்டுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியை இலண்டன் சர்வகலாசாலையிடம் பெற்றுக்கொண்டே கப்பல் ஏறினார். கணக்கு 1917-ஆம் ஆண்டு அக்டோபரிலிருந்து தொடங்கியது. அதற்குப் பின்னர் வந்த ஒவ்வோர் அவமதிப்பின் போதும் இந்த நான்காண்டுக் கெடு அவருடைய மனத்தின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். எப்போதாவது படிக்கலாம் என்று நினைப்பவனுக்கும், இன்ன மாதத்துக்குள் போகாவிட்டால் கதவு அடைபடும் என்று அறிந்தவனுக்கும் எவ்வளவு வேறுபாடு!

அவர் பிரான்ஸ் தேசம் சென்று அங்கிருந்து கப்பலேறி ஆகஸ்டு மாதம் பம்பாய் வந்து சேர்ந்தார். அவருடைய புத்தகங்களோ வேறொரு கப்பலில் வந்தன. அக்கப்பலை ஜெர்மானியரின் நீர்மூழ்கிக் கலம் தாக்கிக் கடலில் மூழ்கடித்தது. பசியோடு சேர்த்த புத்தகங்கள் அவை. அவற்றிற்கு நஷ்டஈடாக வந்த பணமே வீட்டுச் செலவுக்கும் பரோடா செல்லும் பயணத்துக்கும் பயன்பட்டது என்பதை நினைக்கும்போது நெஞ்சம் கனக்கிறது.

பரோடாவில் நடந்ததை நம் வாசகர் அறிவர். மகாராஜாவின் இராணுவக் காரியதரிசியாக நியமிக்கப்பட்டவருக்கு, காகிதக் கட்டுகளைக் கையில் கொடுத்தால் தீட்டு என்று சேவகர் மேசை மீது வீசி எறிந்தனர். குடிக்கத் தண்ணீர் இல்லை. தங்க வீடு இல்லை. பார்சிகளின் விடுதியொன்றில் பெயரை மறைத்துத் தங்கியிருந்தவரைப் பதினோராம் நாள் தடியேந்திய கூட்டம் ஒன்று சூழ்ந்து வெளியேற்றியது. ஊர்த் தோட்டத்தில் ஒரு மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் வடித்தபின், இரவு இரயிலில் பம்பாய் திரும்பினார். அமெரிக்காவில் பட்டம் பெற்றுப் பத்தாண்டு உத்தியோகத்துக்கு ஒப்பந்தமானவர், சில நாட்களில் ஒன்றுமில்லாதவரானார்.

சட்டப்படிப்பை முடித்தே தீரவேண்டும் என்ற உறுதி இங்கேதான் வலுப்பட்டது என்று நாம் கருதுகிறோம். கிரேஸ் இன்னில் அவர் முன்பே சேர்ந்திருந்தார் என்பது மெய். ஆயினும் பரோடாவுக்கு முன் அது கற்ற கல்வியோடு சேரும் மற்றொரு கல்வி. பரோடாவுக்குப் பின் அது வாழ்வதற்கு ஒரே வழி. சம்பளம் எவ்வளவாயினும், மேலதிகாரி எத்தனை நல்லவராயினும், உத்தியோகம் பார்ப்பவனுடைய மானம் பிறர் கையில் இருக்கிறது. வழக்கறிஞனோ எவருக்கும் சேவகனல்லன். தன் மக்களுக்காகப் பேச அவன் எவரிடமும் விடுமுறை கேட்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் அவர் வழக்கறிஞர் தொழிலை விடாது பற்றி நின்றதற்குக் காரணம் இந்தச் சுதந்தரமே.

பம்பாயில் பிழைப்பு எளிதாயில்லை. இரண்டு பார்சி மாணவர்களுக்கு வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பங்குச்சந்தையில் பணம் போடுவோருக்கு யோசனை கூறும் நிலையமொன்று தொடங்கினார்; யோசனை கூறுபவர் இன்ன சாதியார் என்று தெரிந்ததும் வந்தவர்கள் நின்றுவிட்டனர். தங்கத்தின் விலை கூடுமா குறையுமா என்று சொல்வதிலும் தீட்டு உண்டு என்று கண்டுபிடித்தவர்கள் நம் நாட்டு வியாபாரிகளாகவே இருக்க முடியும். இறுதியில் 1918-ஆம் ஆண்டு நவம்பரில், சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில் அரசியற் பொருளாதாரப் பேராசிரியர் பதவி தற்காலிகமாகக் கிடைத்தது. சம்பளம் மாதம் 450 ரூபாய். அந்நாளில் அது சிறிய தொகையன்று.

கல்லூரியில் மாணவர்கள் முதலில் அவரைப் பொருட்படுத்தவில்லை. தீண்டப்படாதவன் நமக்கு என்ன கற்பிக்கப் போகிறான் என்பது எண்ணம். சிறிது காலத்தில் அவருடைய வகுப்பில் அமர்ந்து கேட்பதற்குப் பிற கல்லூரி மாணவரும் வரலாயினர். ஆசிரியர்களுள் சிலர் மட்டும் பொதுக் குடத்திலிருந்து அவர் தண்ணீர் அருந்தலாகாது என்று ஆட்சேபித்தனர். அவர் அதற்காகப் பதவியை உதறிவிடவில்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் விரிவாகக் குறிப்பு எழுதினார். இலண்டனில் பாதியில் நின்ற பொருளாதாரப் படிப்பு இவ்வாறு பம்பாயிலும் நின்று போகாமல், சம்பளம் பெற்றுக்கொண்டே நடந்தது. பணம் சேரும் வரையில் படிப்பை மூட்டை கட்டி வைத்துப் பின்பு அவிழ்க்கலாம் என்று எண்ணுவோர் பலர், அவிழ்க்கும்போது அது துருப்பிடித்திருக்கக் காண்கின்றனர். அவர் அந்த இடைவெளியைத் தம் வாழ்வில் புக விடவில்லை.

சம்பளம் வந்தபோதும் குடும்பம் பரேலில் தொழிலாளர் குடியிருப்பின் இரண்டு சிறிய அறைகளிலேயே இருந்தது. வீட்டுச் செலவுக்கென்று ஒரு தொகையை மனைவியார் இரமாபாய் அம்மையாரிடம் கொடுத்துவிட்டு, எஞ்சியதை இலண்டனுக்கென்று சேர்த்தார். மாதம் 450 ரூபாய் பெறும் பேராசிரியரின் மனைவி, கூலிக்காரன் மனைவியைப் போலச் செட்டாக வாழ்ந்தார். இம்மாதிரி வரலாறுகளில் படித்தவரைப் புகழும்போது, படிப்புக்கு விலை கொடுத்தவரைப் பின்னால் நிறுத்திவிடுவது வழக்கமாயிருக்கிறது. இரமாபாய் அம்மையார் ஐந்து குழந்தைகளைப் பெற்று நால்வரைப் பறிகொடுத்தவர். கணவர் கடல் கடந்திருந்த ஆண்டுகளில் வறுமையோடு நாள்தோறும் மல்லாடியவர் அவரே. ஒரு வீட்டில் ஒருவர் மீண்டும் படிக்கத் தொடங்கினால் அந்த வீடு முழுவதும் பரீட்சை எழுதுகிறது.

இதற்கிடையில் பொதுவாழ்வும் தொடங்கிவிட்டது. 1919-ஆம் ஆண்டு சவுத்பரோ குழுவின் முன் வாக்குரிமை பற்றிச் சாட்சியம் அளித்தார். 1920-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள், கோலாப்பூர் மகாராஜா சாகு சத்திரபதியின் உதவியோடு மூக்நாயக் என்னும் பத்திரிகை வெளிவந்தது. மார்ச்சில் மாங்காவ் மாநாட்டில், தாழ்த்தப்பட்டோர் தம் தலைவரைக் கண்டுகொண்டனர் என்று மகாராஜாவே பறைசாற்றினார். இவ்வளவு புகழ் வந்தபின் எத்தனை பேர் ஊரை விட்டுப் போவார்கள்? மாலை விழும் கழுத்து புத்தகத்தின்மேல் குனிய மறுக்கும். அவரோ கல்லூரிப் பதவியை அந்த மார்ச்சிலேயே விட்டு நீங்கினார். சேமித்த பணத்தோடு, பார்சி நண்பர் நவல் பாத்தேனா கடனாகக் கொடுத்த 5,000 ரூபாயும், கோலாப்பூர் மகாராஜாவின் உதவியும் சேர்ந்தன. 1920-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் மறுபடி இலண்டன் மாணாக்கர். வயது இருபத்தொன்பது முடிந்து முப்பது நடந்து கொண்டிருந்தது. நான்காண்டுக் கெடு முடிய ஓராண்டு இருந்தது.

அங்கே அவர் வாழ்ந்த முறையைச் சரித்திரக்காரர் பதிந்துள்ளனர். குறைந்த வாடகைக்கு ஓர் அறை. வீட்டுக்காரி காலையில் தருவது ரொட்டித் துண்டும் சிறிது மீனும் ஒரு கோப்பை இறைச்சிச் சாறும். பின்பு நடந்தே பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்துக்குச் செல்வார். கார்ல் மார்க்ஸ் அமர்ந்து படித்த மண்டபம் அது. கதவு திறக்கும் வேளையில் நுழைந்து, மூடும் வேளையில் சட்டைப்பை நிறையக் குறிப்புகளோடு வெளிவருவார். நடுப்பகல் உணவுக்கு வெளியே சென்றால் காசும் போகும்; பொழுதும் போகும். ஆதலால் அது பெரும்பாலும் இல்லை. மாலையில் இந்தியா ஆபீசு நூலகம், சர்வகலாசாலை நூலகம் என்று மற்ற இடங்கள். இரவு பத்து மணிக்குப் பசி தாங்காதபோது, தெரிந்தவர் ஒருவர் கொடுத்த அப்பளத்தைத் தகட்டில் சுட்டுத் தின்று, மீண்டும் படிப்பு. அறையில் உடனிருந்த அஸ்நோதேகர் என்பவர் நடுராத்திரியில் விழித்துப் பார்த்து உறங்கச் சொன்னால், உணவுக்குப் பணமும் உறக்கத்துக்கு நேரமும் தமக்கு இல்லையென்றும் விரைவில் படிப்பை முடிக்க வேண்டுமென்றும் விடை வரும். பாரிஸ்டராக விரும்புவோர் குறித்த நாட்களில் சங்க மண்டபத்தில் விருந்துண்ண வேண்டும் என்பது கிரேஸ் இன்னின் பழைய விதி. அந்த நாட்களிலாவது அவர் வயிறு நிறைந்திருக்கும் என்று எண்ணி நாம் ஆறுதல் கொள்கிறோம்.

இந்தப் பட்டினியை இளைஞர்க்கு நாம் இலட்சணமாகக் காட்டமாட்டோம். பிற்காலத்தில் அவருடைய உடல் நீரிழிவாலும் பிற நோய்களாலும் நைந்தது. அறுபத்தைந்து வயதில் நாம் அவரை இழந்தோம். பட்டினி கிடந்ததால் அவர் படித்தார் என்று சொல்வது பிழை. பட்டினியையும் மீறிப் படித்தார். அவரிடம் எடுத்துக்கொள்ளத் தக்கது வேறு. நாள்தோறும் ஒரே இடத்துக்கு, ஒரே வேளையில், மனம் இசைந்தாலும் இசையாவிட்டாலும் சென்று அமர்ந்தார். மனத்தைக் கேட்டுவிட்டுப் புறப்பட்டிருந்தால் அந்தக் குளிர்காலங்களில் பாதி நாட்களுக்குமேல் புறப்பட்டிருக்க மாட்டார். பாரமிதைகளுள் வீரியம் என்று நம் ஆசிரியர் எண்ணியது இதனையே போலும். அது கொதித்தெழும் உணர்ச்சியன்று. கால் தேய்ந்த பாதையில் கால் மறுபடி போவது.

பணத்தொல்லை அவரை விடவில்லை. இதில் ஒரு விசித்திரம் உண்டு. அவர் ஆராய்ந்த பொருள் இந்திய ரூபாயின் மதிப்பு ஏன் நிலையாக இருப்பதில்லை என்பது. 1920-இல் அரசாங்கம் ரூபாயின் விலையை இரண்டு ஷில்லிங் என்று வைத்தது. அடுத்த ஆண்டிலேயே சந்தையில் அது ஒரு ஷில்லிங் நான்கு பென்சுக்கும் கீழே இறங்கியது. ஐயாயிரம் ரூபாய் அனுப்பினால் முன்பு 500 பவுன். பின்பு 333 பவுனுக்கும் குறைவு. ஊரிலிருந்து வரும் பணமெல்லாம் வழியிலேயே மூன்றில் ஒரு பங்கு கரைந்தது. பகலில் நூலகத்தில் எந்தக் கேட்டை ஆராய்ந்தாரோ, இரவில் அதே கேடு அவருடைய தட்டில் இருந்தது. 1921-ஆம் ஆண்டு செப்டம்பரில், நாணய மாற்றினால் நேர்ந்த இந்த முடையை எடுத்துக்காட்டி, 200 பவுன் கடன் வேண்டிக் கோலாப்பூர் மகாராஜாவுக்குக் கடிதம் எழுதினார். கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதை அவர் இழிவாகக் கருதவில்லை. கடன்பட்டவன் பாதியில் படிப்பை விட முடியாது. பாத்தேனாவின் முகத்தையும் மகாராஜாவின் முகத்தையும் பின்னர் எவ்வாறு பார்ப்பது? தனித்து நின்று சாதித்தார் என்று அவரைப் பற்றிப் பேசுவோர் இந்த நண்பர்களை மறக்கின்றனர்.

1921 ஜூனில் எம்.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது. 1922 ஜூன் 28-ஆம் நாள் கிரேஸ் இன் அவரைப் பாரிஸ்டராக ஏற்றது. அவ்வாண்டே ஜெர்மனியில் பான் நகரச் சர்வகலாசாலைக்கும் சென்று சிலகாலம் இருந்தார். ஜெர்மன் மொழியும் கற்றிருந்தார். அக்டோபரில் ரூபாயைப் பற்றிய ஆராய்ச்சி நூலை டி.எஸ்ஸி. பட்டத்துக்காகச் சமர்ப்பித்தார்.

இவ்விடத்தில்தான் மிகக் கடிய சோதனை வந்தது. பிரிட்டிஷ் ஆட்சியின் நாணயக் கொள்கையை வெளிப்படையாகச் சாடிய அந்நூலைப் பரீட்சகர்கள் அப்படியே ஏற்கவில்லை. 1923-ஆம் ஆண்டு தொடக்கத்தில், திருத்தி எழுதித் தருமாறு பணித்தனர். பத்தாண்டு உழைப்பின் நுனியில் நிற்பவனுக்கு, மறுபடி எழுது என்னும் சொல்லைப்போல் மனத்தை ஒடிப்பது வேறில்லை. பரீட்சையில் ஒருமுறை தவறிய நம் அன்பர்கள் இதனை உணர்வர். இலண்டனில் தங்கித் திருத்தப் பணமும் இல்லை. அவர் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. படிப்பை வெறுத்து உதறவும் இல்லை. ஏப்ரலில் பம்பாய் திரும்பி, அதே பரேல் அறைகளில், குடும்பத்தின் சந்தடிக்கிடையே அமர்ந்து திருத்தினார். நடையை மாற்றினார், முடிவுகளை மாற்றவில்லை. திருத்திய பிரதி இலண்டன் சென்று, நவம்பரில் பட்டம் வந்தது. டிசம்பரில் அந்நூல் இலண்டனில் அச்சாகி வெளிவந்தது. தாய் தந்தையரின் நினைவுக்கு அதனை அவர் காணிக்கையாக்கினார். அவருடைய ஆசிரியர் எட்வின் கானன், நூலாசிரியரின் வாதங்களுள் பெரும்பாலானவற்றைத் தாம் ஒப்பவில்லை என்று முன்னுரையிலேயே கூறி, ஆயினும் அவருடைய சிந்தனையின் புதுமையைப் பாராட்டியிருக்கிறார். மாணாக்கருக்கும் ஆசிரியருக்கும் இதைவிடப் பெருமை வேண்டுமோ?

பட்டம் பெற்றதோடு துன்பம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் கதை இனிதாயிருக்கும், மெய்யாயிராது. 1923 ஜூலையில் அவர் பம்பாய் உயர்நீதி மன்றத்தில் தொழில் தொடங்கினார். அதற்கு வேண்டிய அனுமதிப் பத்திரத்துக்குச் செலுத்தும் பணத்தையும் நவல் பாத்தேனாவே உதவினார். வழக்குகளைப் பாரிஸ்டருக்குக் கொண்டு வருவோர் சொலிசிட்டர்கள். அவர்கள் தீண்டப்படாதவரிடம் வழக்கைக் கொடுக்கத் தயங்கினர். பெரிய வழக்குகள் வரவில்லை. ஏழைகளின் சிறு வழக்குகள் வந்தன. வருவாய் போதாமல், 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டம் கற்பிக்கும் பகுதிநேர வேலையும் பார்த்தார். 1926-ஆம் ஆண்டு ஜூலையில் செல்ல மகன் இராசரத்தினம் இறந்தான். அந்த அக்டோபரில், பூனாவில் பிராமணரல்லாத தலைவர் மூவர்மீது ஒரு துண்டுநூலுக்காகத் தொடரப்பட்ட வழக்கில் அவர்களுக்காக வாதாடி வென்றார். அதுமுதல் அவர் பெயர் நீதிமன்றங்களில் பேசப்பட்டது. தொழில் தொடங்கி மூன்றாண்டுகளுக்குப் பின்னர் என்பதைக் கணக்கிட்டுக் கொள்ளுக. 1935-இல் அவர் பம்பாய் அரசாங்கச் சட்டக் கல்லூரிக்கு முதல்வரே ஆனார்.

படிக்கும் பழக்கம் பின்னும் அவரை விடவில்லை. உடல் நலிந்த முதுமையிலும் பாலி மொழியில் ஆழ்ந்து, அம்மொழிச் சொற்களுக்குப் பொருள் எழுதி அகராதி தொகுத்தார். நாம் இன்று போற்றும் புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலை எழுதி முடித்த அவர், 1957-இல் அது அச்சாகி வெளிவந்ததைக் காண இருக்கவில்லை.

இவையெல்லாம் பெரிதும் அறியப்பட்டவை. குறைவாக அறியப்பட்டதும், சித்தூர் திருப்பதி அன்பர்களுக்கு மிக அண்மையானதும் ஒன்று உண்டு. 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவிய அவர், 1946-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் பம்பாயில் ஒரு கல்லூரி தொடங்கினார். அதற்குத் தம் பெயரையோ, பணம் தந்தவர் பெயரையோ வைக்கவில்லை. சித்தார்த்தர் கல்லூரி என்று பெயரிட்டார். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெற விரும்பும் ஏழைகளுக்கு வழக்கமான கல்லூரிகளில் இடமில்லை. பகல் முழுவதும் அவர்கள் அலுவலகத்திலோ ஆலையிலோ இருந்தாக வேண்டும். சம்பளத்தையும் படிப்பையும் ஒரே உடம்பில் சுமப்பது எத்தகையது என்று அறிந்தவர் வகுத்த கல்லூரி ஆதலால், அதன் வகுப்புகள் காலையிலேயே வைக்கப்பட்டன. விடியற்காலை எழுந்து வந்த குமாஸ்தாக்களும் கூலிவேலை செய்வோரும் பாடம் கேட்டு முடித்து, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அலுவலக மணி அடிக்குமுன் தத்தம் வேலைக்குப் போய்ச் சேர்ந்தனர்.